கோதுமை விவசாயியின் கோப்பு

திங்கட்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஆர்லின் க்ராக்ஸ்டாட் என் மேஜை மேல் ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். மேலே அலுமினியத் தாள். தாளுக்கு அடியில் பாதி தின்ற ஹாட்டிஷ், இறைச்சியும் சேமியாவும் சூப்பும் கலந்து அடுப்பில் வேகவைக்கிற எங்கள் ஊர்ச் சாப்பாடு.

"புகார் கொடுக்கணும்," என்றார்.

"சாப்பாடு நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அதான் பாதியைக் காணோம். விஷயம் அது இல்ல, வெண்டெல். மேல ஒட்டியிருக்கிறதைப் படி."

தாளின் ஓரத்தில் ஒரு துண்டு காகித டேப். நீல மையில் அழகான கையெழுத்து.

'லவோன் ட்வைட். மாட்டிறைச்சி, சோளம், காளான், அரிசிச் சேமியா. கோதுமை இல்லை.'

இரண்டு தடவை படித்தேன். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

வடக்கு டகோட்டாவில் ஹெஸ்பி என்ற ஊரில், பதினெட்டுப் படுக்கை கொண்ட ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்கும் அதிகாரி நான். ஊரின் மக்கள் தொகை ஆயிரத்துத் தொள்ளாயிரம். இந்த ஊரில் அந்தரங்கம் காப்பது என்பது நடு ரோட்டில் நின்றுகொண்டு காற்றைப் பிடித்து வைப்பது போன்ற உத்தியோகம். இருந்தாலும் சட்டம் இருக்கிறது. ஹிப்பா என்பார்கள். வேலை மாறுகிறவனுக்கு இன்சூரன்ஸ் அறுந்துபோகக் கூடாது என்று போட்ட சட்டம் அது. அந்தரங்கம் அதற்கு வாலாக முளைத்தது. இப்போது வால் மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஆர்லின் மாவட்டக் கோதுமை விவசாயிகள் சங்கத் தலைவர். முப்பத்து நாலு வருடமாகக் கோதுமை போடுகிறவர். மூன்று வாரங்களுக்கு முன்னால் எங்கள் டாக்டர் அவரை உட்காரவைத்து, அவருக்கு சீலியாக் என்று சொன்னாராம். கோதுமை அவர் குடலுக்கு விஷம். ஒரு துணுக்கு ரொட்டிகூட ஆகாது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன்.

"டாக்டருக்கு. எனக்கு. இப்போ உனக்கு."

"ஐடெல்லாவுக்கு?"

"என் பொண்டாட்டிக்கா? உனக்கென்ன பைத்தியமா? அவளுக்குத் தெரிஞ்சா சர்ச்சுக்குத் தெரியும். சர்ச்சுக்குத் தெரிஞ்சா காபிக் கடைக்குத் தெரியும். கோதுமைச் சங்கத் தலைவனுக்குக் கோதுமை ஆகாதுன்னு தெரிஞ்சா அங்கே என்ன நடக்கும், சொல்லு."

"சிரிப்பாங்க."

"சிரிச்சாப் பரவாயில்லையே. பரிதாபப்படுவாங்க."

அவர் முகத்தில் உண்மையான பயம் தெரிந்தது.

"லவோன் உங்க ஆஸ்பத்திரியில வேலை பாக்கறா. என் ஃபைலைத் தொறந்து பாத்திருக்கா. வேற எப்படித் தெரியும்? நீதான் கண்டுபிடிக்கணும்."

புகார்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். தட்டை விட்டுவிட்டுப் போனார். ஆதாரமாம்.

லவோன் ட்வைட் வரவேற்பு மேஜையில் இருபத்தாறு வருடமாக உட்காருகிறவர். ஆஸ்பத்திரிக்குள் வருகிற எவரும் அவரிடம் பெயர், பிறந்த தேதி, இன்சூரன்ஸ் கார்டு காட்டாமல் உள்ளே போக முடியாது. அவருடைய சொந்தத் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தபோதும் பிறந்த தேதி கேட்டவர் என்று சொல்வார்கள். கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

பத்து மணிக்குக் கூப்பிட்டேன்.

"உக்காருங்க, லவோன்."

"நிக்கிறேன். உக்காந்தா எந்திரிக்கும்போது முட்டி கத்தும்." தட்டைப் பார்த்தார். "அது என் தட்டு. இங்கே என்ன பண்ணுது?"

"ஆர்லின் வீட்டுக்குக் கொண்டுபோனீங்களா?"

"வெள்ளிக்கிழமை கொண்டுபோனேன். ஐடெல்லா நாலு நாளைக்கு பிஸ்மார்க்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. அந்த மனுஷனுக்கு முட்டை உடைக்கத் தெரியாது. பக்கத்து வீடு. இதுல என்ன குத்தம்?"

"அரிசிச் சேமியா ஏன்?"

"வீட்டுல இருந்துச்சு."

"டப்பா சூப் எங்கே?"

"என்ன?"

"டப்பாவுல வர்ற காளான் சூப்ல கோதுமை மாவு உண்டு. இந்த மாவட்டத்துல அது இல்லாம ஹாட்டிஷ் செஞ்சவங்களை நான் பாத்ததில்ல. நீங்க காளானை வதக்கி, சோள மாவு கரைச்சு, நீங்களே பண்ணியிருக்கீங்க."

"நீ எதுக்கு அதைத் தின்னு பாத்தே?"

"விசாரணை."

லவோன் கடைசியில் உட்கார்ந்தார். முட்டி கத்தியது.

"ஒரே கேள்விதான். ஆர்லினோட ஃபைலைப் பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்போ எப்படித் தெரியும்?"

"ஒருத்தர் சொன்னாங்க."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"இந்த ஆஸ்பத்திரி ஆளா?"

"அதைச் சொன்னா பாதி சொன்ன மாதிரி. நான் பாதியும் சொல்ல மாட்டேன்."

எனக்கு ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை.

"லவோன், ரகசியம்னு தெரிஞ்சும் ஏன் டேப்ல எழுதி ஒட்டினீங்க?"

காலில் ஏன் செருப்புப் போடுகிறாய் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"ஒட்டாம எப்படிக் குடுக்கிறது? வீட்டை விட்டுப் போற தட்டுல பேரும் உள்ள இருக்கிறதும் எழுதணும். வேர்க்கடலை தின்னு ஒருத்தருக்கு மூச்சுத் திணறினதுக்கப்புறம் சர்ச்சுல போட்ட விதி. அந்தக் கமிட்டிக்கு நான்தான் செயலாளர்."

அதுதான் லவோன். திருட்டுத்தனமாக ஒரு நல்ல காரியம் செய்யப் போனாலும் கையெழுத்துப் போட்டு, உள்ளடக்கம் எழுதிவிட்டுத்தான் போவார்.

"இந்த விசாரணை முடியற வரைக்கும் யார்கிட்டயும் இதைப் பத்திப் பேசக் கூடாது," என்றேன்.

"தெரியும். அந்த விதியை எனக்குப் படிச்சுக் காட்டினதே நீதான்," என்று எழுந்து போனார்.

கணினியைத் திறந்தேன். எங்கள் மின்பதிவில் ஒருவரின் கோப்பை யார் திறந்தாலும் பெயர், மணி, நிமிடம் எல்லாம் பதிவாகும். ஆர்லினின் கோப்பை ஏழு பேர் திறந்திருந்தார்கள். டாக்டர், ஆய்வுக்கூடம், நர்ஸ் மாரிட், இப்படி. ஏழு பேருக்கும் காரணம் இருந்தது. லவோன் பெயர் இல்லை.

நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த மூச்சு பாதிதான் வெளியே வந்தது.

மாரிட் கோப்பைத் திறந்த இடம்: வரவேற்பு மேஜை, இரண்டாவது கணினி.

மாரிட்டைக் கேட்டேன். வார்டு கணினி அன்றைக்கு வேலை செய்யவில்லை. அதனால் முன்னால் வந்து திறந்தாள். நடுவில் யாரோ மணி அடித்தார்கள், ஓடினாள். திரையை மூடவில்லை. பதினோரு நிமிடம். அந்தக் கணினிக்கும் லவோனின் நாற்காலிக்கும் நடுவே ஒரு கை தூரம்.

மாரிட்டுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் தயார் செய்தேன். அவள் அழுதாள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. யாருடைய கை திறந்தது என்று கணினிக்குத் தெரியும். யாருடைய கண் பார்த்தது என்று தெரியாது.

நிர்வாகி கர்ட்டிஸ் புரூனிடம் போனேன். ஃபார்கோவிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. ஊரில் யாருக்கும் சொந்தக்காரர் இல்லை. அதனாலேயே நியாயமானவர் என்று பெயர்.

"காரணமில்லாம ஃபைலைப் பாத்தா வேலை நீக்கம். விதி அதானே?" என்றார்.

"பாத்தாங்கன்னு நிரூபணம் இல்ல."

"பாக்கலைன்னு நிரூபணம் இருக்கா?"

"இல்ல."

"ரகசியம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பதினோரு நிமிஷம் அவங்க மூக்குக்கு முன்னாடி இருந்திருக்கு. யார் சொன்னாங்கன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் பாக்கறேன். வேற வழியில தெரிஞ்சதுன்னு எழுத்துல வரணும். வரலைன்னா அனுப்பிடுவோம்."

"இருபத்தாறு வருஷம், கர்ட்டிஸ்."

"அதனாலதான் வெள்ளிக்கிழமை வரைக்கும்."

வேலை போனால் லவோனுக்கு என்ன போகும் என்று ஊருக்கே தெரியும். அவர் கணவர் டுவேனுக்கு மூட்டுவாதம். மாதம் ஒரு ஊசி. ஊசி போட்டால் டிராக்டரில் ஏறுவார். போடாவிட்டால் சட்டைப் பொத்தானைக்கூட லவோன்தான் போட்டுவிட வேண்டும். அந்த ஊசிக்குப் பணம் கட்டுவது லவோனின் வேலையோடு வருகிற இன்சூரன்ஸ்.

வெள்ளிக்கிழமைக் கெடுவைச் சொல்லி, செவ்வாய், புதன் இரண்டு நாளும் லவோனைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டு நாளும் ஒரே பதில். புதன்கிழமை சாயங்காலம் கேட்டபோது, "நீ கேக்கறது உன் வேலை. நான் சொல்லாம இருக்கறது என் வேலை. ரெண்டு பேரும் வேலையைப் பாப்போம்," என்றார்.

வியாழக்கிழமை காலை டுவேனின் ஊசியைப் பற்றி நினைத்துக்கொண்டே காபி குடித்தபோதுதான் அது உறைத்தது.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு நிலம் அப்பாவிடமிருந்து வரும். இன்சூரன்ஸ் மனைவியிடமிருந்து வரும். புருஷன் வயலில் இருப்பான். மனைவி பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலைக்குப் போவாள், குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கார்டு வேண்டுமென்று. டுவேனுக்கு லவோன். அப்படியானால் ஆர்லினுக்கு?

கோப்பின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். இன்சூரன்ஸ்: ஹெஸ்பி பள்ளி மாவட்டம். கார்டுக்கு உரியவர்: ஐடெல்லா க்ராக்ஸ்டாட்.

ஆஸ்பத்திரியில் எது செய்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு காகிதம் அனுப்பும். இன்ன பரிசோதனை, இன்ன ஆலோசனை, இன்ன நோயாளி. மேலே கொட்டை எழுத்தில் 'இது பில் அல்ல' என்று போட்டிருக்கும். அதனால் யாரும் படிப்பதில்லை. அந்தக் காகிதம் நோயாளிக்குப் போகாது. கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும். சட்டப்படி.

ஐடெல்லா பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் செயலாளர். படிக்காமல் ஒரு காகிதத்தை அவர் தூக்கிப் போட்டதாகச் சரித்திரம் இல்லை.

ஆக, ஆர்லின் யாருக்குத் தெரியக் கூடாது என்று பயந்தாரோ, அவருக்குத்தான் முதல் தபாலிலேயே எழுத்துமூலம் தெரிந்திருக்கிறது. அவர்தான் லவோனிடம் சொல்லியிருக்க வேண்டும். அதில் எந்தக் குற்றமும் இல்லை. சட்டம் ஆஸ்பத்திரியின் வாயைக் கட்டும், இன்சூரன்ஸ் கம்பெனியின் வாயைக் கட்டும். மனைவியின் வாயைக் கட்டும் சட்டம் அமெரிக்காவில் இன்னும் வரவில்லை.

கர்ட்டிஸிடம் ஓடினேன்.

"ஊகம்," என்றார். "அந்தம்மாகிட்ட எழுதி வாங்கிட்டு வா."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஐடெல்லாவிடம் போய் நான் எதைக் கேட்பது? 'உங்க வீட்டுக்காரருக்குக் கோதுமை ஆகாதுன்னு லவோன்கிட்ட சொன்னீங்களா?' என்று கேட்டால், அவருக்குக் கோதுமை ஆகாது என்று நான் சொன்னதாக ஆகும். ஐடெல்லாவுக்கு முன்பே தெரிந்திருந்தால் பரவாயில்லை. எனக்கு அது தெரியாது, ஊகம்தான். தெரியாமல் கேட்டால் ஆஸ்பத்திரியில் நோயாளியின் ரகசியத்தை வெளியிட்ட முதல் ஆள் நானாக இருப்பேன். என்னை விசாரிக்க வேண்டியவனும் நான்தான்.

நோயாளியின் அனுமதி வேண்டும். எங்கள் ஏழாம் எண் படிவம்.

மத்தியானம் ஆர்லின் தானியக் கிடங்குக்கு வெளியே தன் பிக்கப் வண்டியில் உட்கார்ந்திருந்தார். மார்ச் மாதப் பனி கண்ணாடியில் சேறாக வழிந்துகொண்டிருந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன்.

"லவோன் ஒத்துக்கிட்டாளா?"

"உங்க இன்சூரன்ஸ் கார்டு யார் பேர்ல இருக்கு?"

"ஐடெல்லா பேர்ல. எல்லார் வீட்டுலயும் அப்படித்தானே? அதுக்குத்தானே அவ ஸ்கூலுக்குப் போறா?"

"இன்சூரன்ஸ் கம்பெனி ஏதாவது அனுப்பினா யாருக்கு வரும்?"

"அவளுக்கு."

"எப்பெப்போ அனுப்புவாங்க?"

"அவனுங்களா? தும்மினாக்கூட ஒரு கவர் அனுப்..."

நிறுத்தினார். வைப்பர் நாலு தடவை போய்வந்தது.

"நீ என்ன சொல்ல வர்றே?"

"நான் ஒண்ணும் சொல்லல. கேள்வி கேட்டேன். கேள்வி கேக்கறதுக்குத் தடை இல்ல."

"அவளுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. கேக்கறதுக்கு எனக்கு அனுமதி இல்ல. நீங்க குடுத்தாத்தான் உண்டு."

"அந்தக் கவரை வேற விலாசத்துக்கு அனுப்பச் சொல்ல முடியாதா?"

"முடியும். எழுதிக் கேட்டா அனுப்புவாங்க."

"அதை ஏன்டா முதல்லயே சொல்லல?"

"ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னிக்கு நீங்க கையெழுத்துப் போட்ட பன்னெண்டு பக்கத்துல ஒன்பதாம் பக்கம் அதான்."

ஆர்லின் வைப்பரை நிறுத்தினார்.

"சரி, புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். விட்டுரு."

"வாங்கலாம். விசாரணை நிக்காது. சந்தேகம் வந்துட்டா முடிச்சே ஆகணும். நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு லவோனோட வேலை போகுது."

"வேலையா?" நிஜமாகவே திடுக்கிட்டார். "நீங்க கூப்பிட்டு நாலு திட்டுத் திட்டுவீங்கன்னு நெனச்சேன்!"

"திட்டறதுக்கு எங்ககிட்ட படிவம் இல்ல."

"டுவேனோட ஊசி?"

நான் பதில் சொல்லவில்லை. அது இன்னொருவரின் மருத்துவ விவரம்.

"ஆர்லின், படிவமே இல்லாத ஒரு வழியும் இருக்கு. வீட்டுக்குப் போய் ஐடெல்லாகிட்ட நீங்களே பேசலாம். அவங்க வந்து எழுதிக் குடுத்தாப் போதும்."

காபிக் கடை மேஜை மேல் ஏறி ஆடச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார்.

"படிவத்தைக் குடு," என்றார்.

ஸ்டீயரிங் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. என் அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஆர்லின், இன்னொன்றில் ஐடெல்லா. ஒரே வண்டியில் வந்திருந்தார்கள். வழியில் பனியைப் பற்றி மட்டும் பேசினார்களாம்.

ஏழாம் எண் படிவத்தை ஐடெல்லாவிடம் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் காற்புள்ளி விட்டுப் போயிருக்கிறது என்றார். குறித்துக்கொண்டேன்.

"உங்க கணவருடைய உடல்நிலை பத்தி நீங்க லவோன் ட்வைட்கிட்ட..."

"நான்தான் சொன்னேன்."

கைப்பையைத் திறந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். 'இது பில் அல்ல.'

"பதிமூணு நாளா பையில வெச்சிருக்கேன். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி லவோன்கிட்ட சொன்னேன். நாலு நாள் இந்த மனுஷனுக்கு ஒழுங்கா ஏதாவது குடு, ஆனா எனக்குத் தெரியும்னு இவருக்குத் தெரியக் கூடாது, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னேன். அவ விடல." பிறகு என் பக்கம் சாய்ந்தார். "வெண்டெல், இவர்கிட்ட ஒண்ணு கேளு. தினமும் காலையில காபிக் கடையில எல்லார் முன்னாடியும் அந்த கேரமல் ரோல் கோதுமை ரொட்டியைத் தின்னுட்டு வந்து, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மாட்டுக் கொட்டகைக்குள்ள அரை மணி நேரம் என்ன பண்றார்னு கேளு. மாட்டை வித்து எட்டு வருஷம் ஆச்சு."

"அது படிவத்துல வராது," என்றேன்.

ஆர்லின் தன் தொப்பியிடம் பேசினார். "தெரிஞ்சிருந்தா என்னைக் கேட்டிருக்கலாமே."

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

"எத்தனை நாள் இருந்திருப்பே?"

"அறுவடை வரைக்கும்னு வெச்சிருந்தேன்."

இரண்டு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் மனம் விட்டுப் பேசுவது.

"அது சரி, இதை எதுக்கு எங்கிட்ட எழுதி வாங்கறே?" என்றார் ஐடெல்லா.

லவோனின் பன்னிரண்டு மணியைப் பற்றிச் சொன்னேன். சாட்சியாக அவர் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு மட்டும். அந்த அளவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"புதன்கிழமை சர்ச்சுச் சமையலறையில எம் பக்கத்துல நின்னு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு உரிச்சாளே! ஒரு வார்த்தை சொல்லலியே! நான் அப்பவே வந்து சொல்லியிருப்பேனே!"

"விசாரணை நடக்கறப்போ பேசக் கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேன்."

"வேலை போற அளவுக்கா ஒருத்தி பேசாம இருப்பா?"

"லவோன் இருப்பாங்க."

ஐடெல்லா தன் கணவரைப் பார்த்தார். "நல்ல வேலை பண்ணினே, ஆர்லின்." அதை இரண்டாவது தடவை சொல்லவில்லை. ஆர்லினின் காது சிவந்துபோய் அப்படியே நின்றது. ஐடெல்லா பேனாவைக் கேட்டு வாங்கி, தேதி போட்டு, இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காற்புள்ளி எல்லாம் சரியாக இருந்தது.

பத்து ஐம்பதுக்கு கர்ட்டிஸின் மேஜையில் என் அறிக்கை. தகவல் ஆஸ்பத்திரிக்கு வெளியே, சட்டப்படியான வழியில் தெரிந்தது. எழுத்துமூலச் சாட்சி என் பூட்டிய அலமாரியில் உள்ளது. லவோன் ட்வைட் மீது குற்றமில்லை.

"எழுதிக் குடுத்தது யாரு? அந்தம்மாவா?"

"தேவையான அளவுக்கு மேல விவரம் யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சட்டம். உங்களுக்கு இந்த அளவு தேவை."

கர்ட்டிஸ் அறிக்கையை மறுபடி ஒரு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நியாயமானவர்தான்.

பதினொன்று இருபதுக்கு லவோனைக் கூப்பிட்டேன். ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஒரு காபிக் கோப்பை, ஒரு கம்பளிச் சட்டை, டுவேனின் படம், கைக்கிரீம். மேஜையை அவரே காலி செய்துவிட்டார். பன்னிரண்டு மணி வரைக்கும் இழுத்தால் மற்றவர்களுக்குச் சங்கடமாம்.

"விசாரணை முடிஞ்சுது, லவோன். உங்க மேல தப்பு இல்ல. வேலையில இருக்கீங்க."

லவோன் பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"சொல்ல முடியாது."

"ஐடெல்லா வந்தாளா?"

"எந்த ஐடெல்லா?"

"காலையில எங்கிட்டதான் கையெழுத்துப் போட்டுட்டு உள்ளே வந்தா, வெண்டெல்."

"அப்படின்னா உங்களுக்குத் தெரிஞ்ச அளவு உங்களுக்குத் தெரியும். நான் எதையும் சேக்கல."

லவோன் என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு பொத்தானை இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவது தடவை போட்டார். மூக்கை உறிஞ்சினார். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அறிக்கையின் நகலைக் கோப்பில் சேர்ப்பதற்காகக் கொஞ்ச நேரம் கழித்து நானும் வரவேற்புக்குப் போனேன். காபிக் கோப்பையும் படமும் அதற்குள் பழைய இடத்துக்கு வந்திருந்தன. மேஜைக்கு முன்னால் ஒரு பெண் நின்று தன் பிறந்த தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஆள் நடந்து நடந்து அவள் தோளுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டான்.

லவோன் தலையை நிமிர்த்தவில்லை.

"தரையில இருக்கிற மஞ்சக் கோட்டுக்குப் பின்னாடி போய் நில்லுங்க. அவங்க சொல்றது உங்களுக்குக் கேக்கக் கூடாது."

"அவ என் பொண்டாட்டி," என்றான் அவன்.

"இருந்தா?" என்றார் லவோன்.